சமர்த்துப் பொட்டலம்

எங்கள் ஜியாயி ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் பேசத் தொடங்கிய அன்றைக்குத்தான் என் மனைவிக்கு ரத்தம் தேவைப்பட்டது. முந்தின நாள் தேவைப்பட்டிருந்தால், ஒரு நர்ஸ் பையை எடுத்து, மேலே இருக்கும் சீட்டைப் படித்து, இன்னொரு நர்ஸிடம் காட்டி, கொண்டுபோய் மாட்டியிருப்பார். அவ்வளவுதான் வேலை. இவ்வளவு சின்ன வேலையை இத்தனை காலம் சும்மா விட்டுவைத்திருக்கிறோமே என்று நிர்வாகத்துக்கு உறுத்தியிருக்கிறது.

என் பெயர் வெங் ஜின்-ஷான். வான்கோழிச் சோறு விற்கிறேன். ஒரே ஒரு அடுப்பும் ஆறு ஸ்டூலும் வைத்திருப்பவனைக்கூட எங்கள் ஊரில் 'முதலாளி' என்றுதான் கூப்பிடுவார்கள். ஆஸ்பத்திரியிலும் அப்படியேதான் கூப்பிட்டார்கள். அன்று முழுக்க அந்த ஒரு மரியாதைக்குக் குறைவில்லை.

என் மனைவி லி-ஜுவானுக்குக் கருப்பையில் கட்டி. மாதக்கணக்கில் ரத்தம் போய்ப் போய் ஆள் வெளுத்துவிட்டாள். அவள் ரத்தம் ஏ நெகட்டிவ். எங்கள் தீவில் நெகட்டிவ் ரத்தம் கிடைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. அவளுக்கு அதில் பெருமை வேறு. "என்னை மாதிரி ஆள் கிடைக்கிறது கஷ்டம்னு நான் சொன்னா சிரிப்பியே, இப்ப டாக்டரே சொல்றாங்க கேட்டுக்கோ" என்றாள்.

டாக்டர் ஜியென் குள்ளமான பெண்மணி. சுற்றி வளைக்கத் தெரியாதவர். "ரெண்டு பை ரத்தம் என் கண்ணு முன்னாடி தொங்கணும். அப்பத்தான் கத்தியைத் தொடுவேன். இவங்க உடம்புல பாதி ரத்தம்தான் ஓடுது. இன்னிக்கே செஞ்சாகணும், தள்ளிப்போட நேரம் இல்ல" என்றார். தைனான் ரத்த மையத்திலிருந்து இரண்டு பை காலையிலேயே வந்து இறங்கிவிட்டது. லி-ஜுவானைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்து அறுவை அரங்கின் வாசலுக்குக் கொண்டுபோனார்கள். குடும்பத்தார் ஒருவர் கீழே ரத்த வங்கிக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். இரண்டு நிமிட வேலை என்று அவளிடம் சொல்லிவிட்டு இறங்கினேன்.

கீழே ரத்த வங்கி கல்யாண வீடு மாதிரி இருந்தது. பூ வளையங்கள், சிவப்பு ரிப்பன், வெள்ளைக் கையுறை போட்ட பெரிய மனிதர்கள், ஒலிபெருக்கி. ஆஸ்பத்திரித் தர ஆய்வுக் குழு தலைநகர் தைபேயிலிருந்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருந்தது. வாசலில் என் கழுத்தில் ஒரு பார்வையாளர் அட்டையை மாட்டிவிட்டு, "முதலாளி, ஓரமா நில்லுங்க, போட்டோவுல விழுந்துடாதீங்க" என்றார்கள்.

இயக்குநர் ஃபாங் பேசிக்கொண்டிருந்தார்.

"இதுவரை நம் ரத்தம் ஊமையாக இருந்தது. ஊமையை நம்பி உயிரை ஒப்படைத்தோம். இன்று முதல் ஒவ்வொரு பையிலும் ஒரு ரேடியோ வில்லை ஒட்டப்பட்டிருக்கிறது. தன் பெயர் என்ன, வகை என்ன, யாருக்காக வந்திருக்கிறது, எவ்வளவு குளிரில் இருக்கிறது, எல்லாவற்றையும் பை தானே சொல்லும். இந்தக் குளிர் அலமாரி அதைக் கேட்கும். அலமாரி கேட்டால்தான் கதவு திறக்கும். நடுவில் மனிதன் இல்லை. மனிதன் இல்லாத இடத்தில் தவறும் இல்லை."

கைதட்டல். அவர் குரலை இன்னும் உயர்த்தினார்.

"நோயாளியே எங்கள் மையம். அதனால்தான் இந்தத் திட்டத்தின் எந்தக் கட்டத்திலும் நோயாளிகளைத் தொந்தரவு செய்யவில்லை. நர்ஸ்களையும் தொந்தரவு செய்யவில்லை. யாரையும் கேட்காமலே இதைச் செய்து முடித்தோம் என்பதில் எனக்குப் பெருமை."

பிறகு, அலமாரியின் அவசரச் சாவியை எல்லோருக்கும் காட்டினார். காட்டினார் என்றால், கையில் எடுத்துக் காட்டவில்லை. அது ஒரு கண்ணாடிப் பாளத்துக்குள் புதைக்கப்பட்டு, அடியில் தேதி பொறித்து, வெல்வெட் துணி மேல் வைக்கப்பட்டிருந்தது. "மனிதத் தவறின் கடைசிச் சின்னம். இனி இது வரவேற்பறையில் இருக்கும்" என்றார். இரண்டு பேர் அதைத் தூக்கமுடியாமல் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அடுத்துத்தான் முக்கியச் சடங்கு. பச்சைப் பொட்டலம் வைப்பது. எந்த மெஷினுக்கும் நாங்கள் அதை வைக்காமல் இருப்பதில்லை. தேங்காய் வாசனை அடிக்கும் சோளப்பொரிப் பொட்டலம். பெயருக்கு அர்த்தமே 'சமர்த்தாயிரு' என்பதுதான். பச்சையாக இருக்க வேண்டும், தேதி முடிந்திருக்கக் கூடாது, பிரித்திருக்கக் கூடாது. மற்ற நிறம் வைத்தால் மெஷின் மக்கர் பண்ணும். வைத்ததை எடுத்துத் தின்றால் படுத்தே விடும். வங்கிப் பண மெஷின் மேலே இருக்கும், ரயில் நிலையத்தில் இருக்கும், என் கடைச் சோற்றுப் பாத்திரத்துக்குப் பக்கத்திலும் ஒன்று இருக்கிறது. அதனால் நான் இதைக் கேலி செய்யப் போவதில்லை.

அந்த அலமாரியின் தலையிலும் இரண்டு பக்கமும் வெள்ளைப் பலகைகள் நின்றன. பைகள் சொல்வதைக் கேட்கும் காதுகள் அவைதானாம். பலகைக்கும் அலமாரிக்கும் நடுவே ஒரு சந்து. பொட்டலம் அதில் அளவெடுத்துத் தைத்தது போல உட்கார்ந்தது. இயக்குநர் முதல் பொட்டலத்தை வைத்தார். படம் எடுத்தார்கள். உடனே துணை இயக்குநர்கள் வைத்தார்கள். இவர்கள் வைத்த பிறகு துறைத் தலைவர்கள் வைக்காமல் இருக்க முடியுமா? துறைத் தலைவர் வைத்தபின் துணைத் தலைவர் கையை வீசிக்கொண்டு நிற்க முடியுமா? தலைக்கு மேலே ஒரு வரிசை, இடப்பக்கம் ஒரு வரிசை, வலப்பக்கம் ஒரு வரிசை என்று பதவி வாரியாக நிறைந்தது. இடம் கிடைக்காத கணக்குப் பிரிவுத் தலைவர் டேப் போட்டு ஒட்டினார்.

கடைசியாக மெஷின் கம்பெனியின் பொறியாளர் ஜுவாங், ஒல்லியான இளைஞர், தோள்பையிலிருந்து தன்னுடைய பொட்டலத்தை எடுத்தார். "இது வெக்காம நான் எந்த மெஷினையும் ஆன் பண்ணதே இல்ல சார்" என்று குனிந்து வணங்கிவிட்டுச் செருகினார். பிறகு எல்லோரையும் பார்த்துச் சொன்னார்: "ரேடியோவுக்கு ரெண்டே எதிரிங்க. ஒண்ணு தண்ணி, இன்னொண்ணு உலோகம். ரத்தமே தண்ணிதான், அதுக்கு வழி பண்ணிட்டோம். உலோகம் மட்டும் இது பக்கத்துல வராம பாத்துக்கணும். ஒரு மெல்லிசுத் தகடு போதும், காது அடைச்சுப் போயிடும்."

முதல் ரத்தம் யாருக்கு என்று கேட்டார்கள். என் மனைவி பெயர் வந்தது. ஒலிபெருக்கியில் அவள் பெயரைக் கேட்டதும், நல்ல சகுனம் என்றுதான் எனக்குத் தோன்றியது.

ரத்த வங்கிப் பொறுப்பாளர் கெ யீ-வென் என்ற பெண் பொத்தானை அழுத்தினார். திரையில் எழுத்து வந்தது. ஏ நெகட்டிவ், இருப்பு: பூஜ்யம்.

எங்கோ யாரோ இருமினார்கள். கெ மறுபடி அழுத்தினார். பூஜ்யம். அலமாரியில் மொத்தம் எத்தனை பை என்று கேட்டுப் பார்த்தார். நாலு என்றது. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் தட்டுத் தட்டாகப் பைகள் தொங்கிக்கொண்டிருந்தன. மேல்தட்டில் லூ லி-ஜுவான் என்று என் மனைவியின் முழுப்பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதிய இரண்டு பைகள் எனக்குத் தெரிந்தன. நான் கையை நீட்டிக் காட்டினேன்.

"அதோ இருக்கு பாருங்க!"

"எனக்கும் தெரியுது முதலாளி" என்றார் கெ, மெதுவான குரலில். "ஆனா நான் பாக்கறது கணக்குல வராது."

"ஏன் வராது? கண்ணு நல்லாத்தானே இருக்கு?"

"மனுஷக் கண்ணு இனிமே அங்கீகாரம் இல்லாத கருவி. போன வாரம்தான் சுற்றறிக்கை வந்துச்சு."

இயக்குநர் ஆய்வுக் குழுவின் பக்கம் திரும்பிப் புன்னகைத்தார். "கவனியுங்கள். சந்தேகம் என்றால் அலமாரி கொடுப்பதில்லை. பாதுகாப்பு எவ்வளவு பலமாக இருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?" குழுவினர் தலையாட்டி எழுதிக்கொண்டார்கள்.

என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. சுவருக்கும் கதவுக்கும் நடுவே நடந்தேன். மேலே லி-ஜுவான் வண்டியில் படுத்திருக்கிறாள். இரண்டு நிமிடம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

பொறியாளர் ஜுவாங் மடிக்கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அறைக்குள்ள எங்கயோ உலோகம் இருக்கு" என்றார். அவ்வளவுதான், எல்லோரும் கழற்ற ஆரம்பித்தார்கள். கைக்கடிகாரம், பெல்ட், பேனா, காசு, சாவிக்கொத்து. இரும்புச் சட்டம் போட்ட மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு துணை இயக்குநர் பூ வளையத்தில் முட்டிக்கொண்டார். என் கல்யாண மோதிரம் விரலில் இறுகிப்போயிருந்தது. சோப்பு போட்டு இரண்டு பேர் இழுத்தார்கள். ஆய்வுக் குழுவின் தலைவர், தள்ளாத வயதுக்காரர், பெல்ட் இல்லாமல் இரண்டு கையாலும் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதனால் அவரால் எழுத முடியவில்லை. இயக்குநர் ஃபாங்குக்குக் கடைவாயில் தங்கப் பல். அது தெரியவந்ததும் அவரே பெருந்தன்மையோடு தாழ்வாரத்துக்குப் போய்விட்டார். அங்கிருந்தபடியே, "விதி என்றால் அனைவருக்கும் விதிதான்" என்று உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு குண்டூசிகூட இல்லாமல் அறையைத் துடைத்தாயிற்று. பொட்டலங்கள் மட்டும் அடுக்கியபடி பளபளவென்று இருந்தன.

இருப்பு: நாலு. ஏ நெகட்டிவ்: பூஜ்யம்.

"சமர்த்து பத்தல போல" என்று யாரோ முணுமுணுத்தார்கள். ஜுவாங்கே அதற்குத் தலையாட்டினார். நான் வேறு யாரையும் எதிர்பார்க்கவில்லை. இடுப்பில் நிற்காத கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு எதிர்க் கடைக்கு ஓடினேன்.

கடைக்காரர் நிதானமாகக் கேட்டார்: "எதுக்கு? கம்ப்யூட்டருக்கா, லிஃப்ட்டுக்கா?"

"ரத்தத்துக்கு!"

"அப்ப பெரிய சைஸா எடுத்துக்கோ முதலாளி. சின்னது கேக்காது."

இருந்த பெரிய பொட்டலங்களை எல்லாம் வாரிக்கொண்டு வந்து, மிச்சம் இருந்த சந்துகளில் என் கையாலேயே திணித்தேன். கெ பொத்தானை அழுத்தினார். இருப்பு: பூஜ்யம். அந்த நாலும் போயிற்று. இன்னும் நாலு பொட்டலம் வாங்கியிருக்கலாமே என்று நினைத்தேன். என் புத்தி அந்த நேரத்தில் அப்படித்தான் வேலை செய்தது.

"கையால தேடுற கருவி இருக்கே, அதால அலமாரியைத் தடவிப் பாக்கக் கூடாதா?" என்று, வில்லைகளைப் படிக்க கெ வைத்திருந்த கைக்கருவியைக் காட்டிக் கேட்டேன்.

"அலமாரி இருக்கிற பக்கம் அது வாயைத் திறக்கக் கூடாதுன்னு அமைச்சிருக்கோம்" என்றார் ஜுவாங். "பெரிய மெஷின் பேசுற எடத்துல சின்ன மெஷின் பேசினா குழப்பம் வரும். ஆனா வெளியில வேணும்னா தேடலாம்."

ரத்தம் அலமாரிக்குள் இல்லை என்று அலமாரியே சொல்லிவிட்டதால், வெளியில் எங்காவது இருந்துதானே ஆக வேண்டும்? கெ கருவியை எடுத்துக்கொண்டு நாற்காலிக்கு அடியில், பூ வளையத்துக்குப் பின்னால், குப்பைத்தொட்டிக்குள் எல்லாம் தேடினார். என் பக்கம் திரும்பியதும் கருவி பீப் என்று கத்தியது.

கெ திரையைப் படித்தார். முகம் வெளுத்தது. "ஏ நெகட்டிவ். ஒரு பை. லூ லி-ஜுவானுக்கு உரியது."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான் எங்கயும் ஒளிச்சு வெக்கலீங்க" என்றேன்.

விஷயம் இதுதான். பார்வையாளர் அட்டைக்கு உள்ளே இருப்பதும் அதே ரேடியோ வில்லை. மொத்தமாக வாங்கினால் மலிவு என்று நிர்வாகம் ஒரே மூட்டையில் வாங்கியிருக்கிறது. என் அட்டையின் எண்ணும் ஒரு பையின் எண்ணும் ஒன்றாக இருந்துவிட்டது. இதை ஜுவாங் விளக்கிக்கொண்டிருக்கும்போதே இயக்குநர் தாழ்வாரத்திலிருந்து குரல் கொடுத்தார்: "கிடைத்துவிட்டதா? பதிவு செய்யுங்கள்!" பதிவு செய்துவிட்டார்கள்.

பதிந்த உடனே கருவி மறுபடி கத்தியது. இப்போது வேறு கத்தல்.

"வெப்பம் முப்பத்தாறு டிகிரி" என்று படித்தார் கெ. "ரத்தப் பை பத்து டிகிரியைத் தாண்டவே கூடாது. இப்படியே அரை மணி நேரம் இருந்தா இவரைக் கழிவுல போடணும்."

"அட்டையைக் கழட்டிடறேங்க" என்று கையை வைத்தேன். இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். வில்லையைப் பையிலிருந்து பிரிப்பது குற்றமாம். அபராதமும் உண்டாம்.

என்னைக் குளிர் அறைக்குள் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். மடியில் ஐஸ் பை, முதுகில் ஐஸ் பை. ஒரு நர்ஸ் வந்து, ரத்தப் பையை மெதுவாக அசைத்துக்கொடுக்க வேண்டும் என்பதற்காக என் தோளைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினார். "கோவிச்சுக்காதீங்க முதலாளி, உறையாம இருக்கணும் இல்ல" என்றார். கோபப்படக்கூட வாய் ஒத்துழைக்கவில்லை, பல் தந்தியடித்தது. பின்பு சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, மேலே துணி போர்த்தி, அறுவை அரங்குக்கு அனுப்பினார்கள். வழியெல்லாம் எனக்கு முன்னால் ஒருவர், "ரத்தம் வருது, வழி விடுங்க" என்று சொல்லிக்கொண்டு போனார்.

அரங்கு வாசலில் லி-ஜுவான் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். சத்தம் கேட்டுத் திறந்தாள். என்னைப் பார்த்தாள்.

"ஆ-ஷான், நீ ஏன் ஐஸ்ல உக்காந்திருக்க?"

"நான்தான் உனக்கு வந்த ரத்தம்னு சொல்றாங்க."

"என் ரத்தத்தக் குடிக்கிறா, குடிக்கிறான்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிவியே. இப்ப ஆஸ்பத்திரியிலயே எழுதிக் குடுத்துட்டாங்களா?"

சிரிக்கப் பார்த்தாள். உதடு வெள்ளையாக இருந்தது. நான் அவள் கையைப் பிடித்தேன். குளிர் அறையிலிருந்து வந்த என் கையைவிட அவள் கை சில்லென்று இருந்தது. கீழே விரித்திருந்த துணியில் சிவப்பு பரவிக்கொண்டிருந்தது. எனக்குப் பயம் வந்தது. அதுவரை எரிச்சல்தான் இருந்தது.

வாசல் நர்ஸ் கருவியை என் மேல் வைத்துப் பார்த்தார். "வகை சரி. பெயர் சரி. வெப்பம்... கொஞ்சம் அதிகம், பரவால்ல" என்றார். டாக்டர் ஜியென் கையைக் கழுவிய ஈரத்தோடு வெளியே வந்தார்.

"ரத்தம் எங்க?"

என்னைக் காட்டினார்கள்.

டாக்டர் என்னைத் தலைமுதல் கால்வரை பார்த்தார். "இந்தப் பையை நான் எந்த நரம்புல ஏத்தட்டும்? எங்க தொங்கவிடட்டும்?"

பின்னாலேயே வந்து சேர்ந்த இயக்குநர், "டாக்டர், பதற்றம் வேண்டாம்" என்றார். "பதிவின்படி கேட்ட இரண்டில் ஒன்று அரங்கை அடைந்துவிட்டது. முதல் நாளே ஐம்பது சதவீத வெற்றி. வேறு எந்த ஆஸ்பத்திரியில் இதைக் காட்டமுடியும்?"

"அந்தம்மா செத்தா அதையும் சதவீதத்துல சொல்லுவீங்களா?"

"மரணங்கள் வேறு பிரிவில் வருகின்றன" என்றார் இயக்குநர். உண்மையிலேயே அவருக்கு டாக்டர் கேட்டது புரியவில்லை.

நான் நாற்காலியிலிருந்து எழுந்து ஓடினேன். ஐஸ் பைகள் படிக்கட்டெல்லாம் உதிர்ந்தன. "பை ஓடுது, பிடிங்க!" என்று யாரோ கத்தியது கேட்டது.

கீழே கண்ணாடிக்குப் பின்னால் அந்த இரண்டு பைகளும் அதே இடத்தில் இருந்தன. கை நீட்டினால் எட்டும் தூரம். பொறியாளர் ஜுவாங் அலமாரியின் முன்னால் நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தார். ஆய்வுக் குழு தேநீர் குடித்துக்கொண்டிருந்தது. நான் ஒரு நாற்காலியைத் தூக்கினேன். கெ குறுக்கே வந்து விழுந்தார்.

"வேணாம் முதலாளி! உடைச்சா உள்ள இருக்கிற எல்லாப் பையும் தானா கழிவுன்னு பதிவாயிடும். கழிவை ஏத்த எந்த டாக்டருக்கும் அதிகாரம் இல்ல. அப்புறம் அந்தம்மாவுக்கு இந்த ஊர்ல ரத்தமே கிடையாது!"

சொல்லும்போது அவரே அழுதுவிட்டார். நாற்காலியைக் கீழே வைத்தேன். எதையாவது அடிக்க வேண்டும் போல இருந்தது. அடிக்க எதுவும் இல்லை. கண்ணுக்கு நேராக அந்தப் பச்சைப் பொட்டலங்கள் பளபளத்தன.

"இத்தனை தீனியா?" என்று கத்தினேன். "என் பொண்டாட்டி நேத்துலேருந்து பச்சைத் தண்ணி பல்லுல படாம கிடக்கா! உனக்கு மட்டும் விருந்தா? சமர்த்தா இருக்கத் துப்பில்ல, உனக்கு எதுக்குடா படையல்?"

இரண்டு கையாலும் வாரித் தள்ளினேன். தலைமேல் இருந்தது, இடப்பக்கம் இருந்தது, வலப்பக்கம் இருந்தது, இயக்குநருடையது, துணை இயக்குநர்களுடையது, கணக்குப் பிரிவுத் தலைவர் ஒட்டியது, நான் திணித்தது, எல்லாம் தரையில் விழுந்தன. ஒன்றைப் பிடித்துக் கிழித்தேன். ஒரு கை நிறைய அள்ளி வாயில் போட்டு, அலமாரியைப் பார்த்துக்கொண்டே நறநறவென்று மென்றேன்.

மெஷினின் பொட்டலத்தை அதன் முன்னாலேயே தின்கிறவனை அவர்கள் யாரும் பார்த்ததில்லை. ஆய்வுக் குழுவில் ஒரு பெண்மணி கண்ணை மூடிக்கொண்டார். கால்சட்டையைப் பிடித்திருந்த குழுத் தலைவர் அதிர்ச்சியில் பிடியை விட்டுவிட்டார்.

பீப் என்றது அலமாரி. பீப், பீப், பீப் என்று தட்டுத் தட்டாக எண்ணிக்கொண்டே வந்தது. பிறகு இனிமையான பெண்குரலில், "ஏ நெகட்டிவ், இரண்டு பை, லூ லி-ஜுவான் அவர்களுக்கு. காத்திருந்தமைக்கு நன்றி" என்றது. கதவு தானாகத் திறந்தது.

கெ இரண்டு பையையும் எடுத்துக்கொண்டு படிக்கட்டில் பறந்தார். நான் பின்னாலேயே ஓட முயன்றேன்; கால் வழுக்கிப் பொரியின் நடுவே உட்கார்ந்துவிட்டேன். வாய் நிறையப் பொரியோடு அழுதேன்.

ஜுவாங் கிழிந்த பொட்டலத்தை எடுத்தார். உள்பக்கத்தைத் திருப்பினார். அது வெள்ளித் தகடு போல மின்னியது. அவர் அதைப் பார்த்தார், காதுப் பலகையைப் பார்த்தார், தரையில் கிடந்த குவியலைப் பார்த்தார்.

"ஐயோ" என்றார். "உள்ள பூராவும் உலோகம். காதை நாமளே அடைச்சு வெச்சிருக்கோம். முதல்ல வெச்ச அந்த ஒண்ணுலேருந்தே..."

முதலில் வைத்தவர் இயக்குநர் ஃபாங். அவர் அப்போதுதான் உள்ளே வந்து நின்றார். அறையில் இருந்த எல்லோருக்கும் ஜுவாங் சொன்னது புரிந்தது. புரிந்த மறுகணமே யாருக்கும் எதுவும் புரியாத முகம் வந்துவிட்டது. இயக்குநர் ஜுவாங்கின் கையிலிருந்து பொட்டலத்தை வாங்கி அழகாக நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"பொறியாளர் களைத்திருக்கிறார்" என்றார். குழுவின் பக்கம் திரும்பினார். "நாம் இன்று ஒரு முக்கியமான உண்மையைக் கண்டறிந்திருக்கிறோம். இந்த இயந்திரம் அன்புக்கு ஓரளவும், கண்டிப்புக்கு முழுமையாகவும் கட்டுப்படுகிறது. குடும்பத்தாரின் பங்களிப்பு இல்லாமல் பாதுகாப்பு முழுமை பெறாது என்று நான் எப்போதுமே சொல்லிவந்திருக்கிறேன்."

குழுத் தலைவர் கால்சட்டையைச் சரிசெய்துகொண்டு, 'சிறந்த நடைமுறை' என்று எழுதினார்.

லி-ஜுவானைப் பிழைக்கவைத்துவிட்டார்கள். டாக்டர் ஜியென் வெளியே வந்து, "கட்டி பப்பாளி சைஸ். ஆள் நல்லா இருக்காங்க. ரெண்டு பையும் சரியா நேரத்துக்கு வந்துச்சு, இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா வேற பேச்சு" என்று சொல்லிவிட்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டார். மயக்கம் தெளிந்ததும் லி-ஜுவான் என்னைக் கிட்டே வரச்சொன்னாள். முகர்ந்தாள்.

"தேங்காய் வாசனை வருது. நான் பசியில கிடக்கேன், நீ நொறுக்குத்தீனி தின்னியா?"

"ஆமா" என்றேன்.

கதை இதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அந்த ஆஸ்பத்திரிக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. பதக்கம் கிடைத்த நடைமுறையை மாற்றக் கூடாது. பொட்டலங்கள் எல்லாம் பழையபடி பதவி வாரியாகச் சந்துகளில் ஏறிவிட்டன. ஆண்டு மலர் அட்டையில் அந்தப் பொட்டல வரிசையின் படம்தான். ரத்தம் தேவைப்பட்டால், நோயாளியின் உறவினர் ஒருவர் தனியாக வழங்கப்படும் ஒரு பொட்டலத்தை அலமாரியின் முன்னால் கோபத்தோடு தின்ன வேண்டும் என்று விதி எழுதினார்கள். பாவம், ஜனங்கள் தின்றார்கள். கண்ணீரோடு தின்றார்கள், திட்டிக்கொண்டே தின்றார்கள். சந்துகளில் இருப்பதை யாரும் தொடாதபோது தின்று என்ன? கதவு திறக்கவில்லை. அந்த வெங் முதலாளி தின்றால்தான் மெஷின் பயப்படுகிறது என்று முடிவு செய்துவிட்டார்கள்.

நான் போய்க் கெயிடம் சொன்னேன். "அந்தப் பொட்டலத்த எல்லாம் எடுத்துப் போட்டாப் போதும்மா. உள்ள தகடு."

"தெரியும் முதலாளி" என்றார். "எனக்குத் தெரியும், ஜுவாங்குக்குத் தெரியும், கூட்டித் துடைக்கிற அக்காவுக்கும் தெரியும். முதல் பொட்டலம் இயக்குநர் வெச்சது. அத யார் எடுக்கறது சொல்லுங்க? நீங்க எடுக்கலாம். உங்களுக்கு மேலதிகாரி இல்ல."

அன்றிலிருந்து போன் வரும்போதெல்லாம் போய், எல்லாவற்றையும் வாரித் தள்ளி, ஒன்றைத் தின்றுவிட்டு வருகிறேன்; நான் வந்ததும் மறுபடி அடுக்கிவிடுகிறார்கள். இப்போது மதிய நேரம். கடையில் கூட்டம் நெரிகிறது. இன்னும் பாதிப் பேருக்குச் சோறு வைக்கவில்லை. போன் அடிக்கிறது. ஆஸ்பத்திரி எண். நான் எடுப்பதற்குள் லி-ஜுவான் எடுத்துவிடுகிறாள். கேட்கிறாள். "ஓ நெகட்டிவாம், பிரசவமாம்" என்கிறாள். என் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்குகிறாள்.

"நின்னுட்டே இருக்க? ஓடு. நான் பாத்துக்கறேன்."

ஸ்கூட்டரை மிதித்துக் கிளப்பிப் போகிறேன். வழியில் எல்லா சிக்னலும் சிவப்பு. ரத்த வங்கியில் எல்லோரும் எனக்கு வழிவிட்டு மரியாதையாக நிற்கிறார்கள். அலமாரியின் முன்னால் ஓர் இளைஞன், கண்ணாடியில் நெற்றியை வைத்து, உள்ளே தொங்கும் பைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவன் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. என் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்புகிறான்.

"அங்கிள், நீங்கதான் டாக்டரா?"

"இல்லப்பா" என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொள்கிறேன். "நான் தின்ன வந்தவன். கொஞ்சம் தள்ளி நில்லு."